முதலில் முடித்துவிடும் குழந்தைக்கு அடுத்து என்ன? தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாலக்கோட்டுப் பக்கமோ சூளகிரிப் பக்கமோ ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. இரண்டு ஆசிரியர்கள். ஒருவரிடம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை, மற்றவரிடம் நான்கும் ஐந்தும். கரும்பலகையில் எட்டுக் கழித்தல் கணக்குகள். வகுப்பு முதல் கணக்கிலேயே இனமாற்றத்தில், அதாவது கடன் வாங்கிக் கழிப்பதில், திணறிக்கொண்டிருக்க, ஒரு குழந்தை எட்டையும் போட்டுவிட்டு "முடிச்சிட்டேன் டீச்சர்" என்று நோட்டை நீட்டுகிறது. பாடவேளை முடிய இன்னும் 25 நிமிடம் இருக்கிறது. அடுத்து நடப்பது பெரும்பாலும் மூன்றில் ஒன்று: இன்னும் பத்துக் கணக்கு கொடுப்பது, பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க அனுப்புவது, கையைக் கட்டி உட்காரச் சொல்வது. மூன்றிலும் அந்தக் குழந்தை அன்று புதிதாக எதுவும் கற்பதில்லை.

முழு அடைவு முறை என்பது வகுப்பு மொத்தமும் ஒரு கருத்தை உறுதியாகப் பிடித்த பிறகே அடுத்ததற்கு நகர்வது. 1968இல் அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் இதற்கு வடிவம் கொடுத்தார். பாடத்தைச் சிறு அலகுகளாகப் பிரி, அலகு முடிவில் சோதி, எட்டாதவருக்கு வேறு வழியில் மறுபடி கற்பி, எட்டியவருக்கு அதே அலகில் செறிவான வேலை கொடு என்பது அவர் போட்ட ஏற்பாடு. அதன் கடைசிப் பகுதியைத்தான் பள்ளிகள் வசதியாக மறந்துவிட்டன. நம் மாநிலத்தில் 2022இல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கி, அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்துக்கும் விரிந்த எண்ணும் எழுத்தும் திட்டம், பின்தங்கியவரைத் தூக்கிவிடும் நோக்கில் பிறந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று ஏறுவரிசையில் மூன்று நிலைகள் வைத்தது நல்லதுதான். ஆனால் மலரை எட்டிவிட்ட குழந்தைக்கு அதற்கு மேல் என்ன என்பதை ஆசிரியரே உண்டாக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த வகுப்புப் புத்தகத்தை எடுத்துக் கொடுப்பதுதான் எளிதாகத் தோன்றும். இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டம் கணக்குப் பாடத்தில் இதைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறது: விரைவாகப் பிடித்துக்கொள்ளும் பிள்ளைக்குப் புதிய பாடத்தைக் காட்டும் முன் செறிவான, சிக்கலான கேள்விகளைக் கொடு என்று. மேலே ஏற்றுவதற்கு முன் அதே இடத்தில் ஆழத் தோண்ட வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்தத் தோண்டுதலைப் பற்றியதே.

முதல் படி: யார் என்று பார்ப்பது

மூன்று வாரம் ஒதுக்குங்கள். சட்டைப்பையில் அடங்கும் சிறு நோட்டு போதும். நாளுக்கு இரண்டு வரி. "ஏன் அப்படி?" என்று கேட்டது யார், நீங்கள் சொல்லாத வழியில் விடைக்கு வந்தது யார், விளையாட்டின் விதியை மாற்றிப் பார்த்தது யார், சொல்லை வைத்துக் குறும்பு செய்தது யார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நம்மை ஏமாற்றும் அடையாளங்களும் உண்டு. அழகான கையெழுத்து, வேகம், எப்போதும் உயரும் கை. இவை பெரும்பாலும் டியூஷனின் விளைவாகவோ, பிறந்த மாதத்தால் வகுப்பில் மற்றவரைவிடப் பத்து மாதம் மூத்திருப்பதன் விளைவாகவோ இருக்கும். மறுபக்கம், நோட்டு கிறுக்கலாக இருப்பவன், சலிப்பில் வம்பு செய்பவன், விடை தெரிந்தும் வாய் திறக்காத பெண் குழந்தை ஆகியோர் கண்ணில் படாமலே போய்விடுவார்கள்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இன்னொரு சிக்கல். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசும் குழந்தை தமிழ் வாசிப்பில் மொட்டு நிலையில் இருக்கலாம், எண் சிந்தனையில் வகுப்பையே தாண்டியிருக்கலாம். மொழி நிலையை வைத்துக் கணக்கு நிலையைத் தீர்மானிக்காதீர்கள். மொழி தேவைப்படாத ஒரு சோதனை ஆடு புலி ஆட்டம்: மூன்று புலி, பதினைந்து ஆடு, தரையில் சாக்பீஸால் கட்டம். ஆட்டுப் பக்கம் ஆடவிட்டுப் பாருங்கள். புலி தாவும் இடத்தை முன்கூட்டியே அடைக்கிற குழந்தை இரண்டு நகர்வு தாண்டி யோசிக்கிறது. ஐந்தாறு ஆட்டத்தில் தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: ஐந்து கேள்வி முன்சோதனை

ஒவ்வோர் அலகையும் தொடங்கும் முன் எட்டு நிமிடம். மூன்றாம் வகுப்புக் கழித்தலுக்கு இப்படி வைக்கலாம்.

1. 63 − 28
2. 402 − 165
3. □3 − 2□ = 38. கட்டங்களில் என்ன?
4. 63 − 28 என்பதற்கு உங்கள் வீட்டில் நடப்பது போல ஒரு கதை சொல்.
5. ஒருவன் 52 − 27 = 35 என்று எழுதினான். எங்கே தவறினான்?

முதல் இரண்டை மட்டும் சரியாகப் போட்ட குழந்தைக்குச் செய்முறை தெரியும், அவ்வளவுதான். கடன் வாங்கும்போது ஒரு பத்து பத்து ஒன்றுகளாக மாறுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டியதில்லை. அது வகுப்போடு சேர்ந்தே கற்கட்டும். மூன்று முதல் ஐந்து வரையும் வந்துவிட்டால் ஆழ வேலைக்குத் தயார். ஐந்தாவதில், பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்துவிட்டான், ஏழிலிருந்து இரண்டை எடுத்துவிட்டான் என்று சொல்லும் குழந்தைக்குக் கருத்து பிடிபட்டிருக்கிறது.

கவனிக்க வேண்டிய வகை ஒன்று உண்டு. முதல் இரண்டில் தவறி, ஐந்தாவதைச் சரியாகச் சொல்லும் குழந்தை. பள்ளிக்கு ஒழுங்காக வர முடியாத பிள்ளைகளிடம் இதைப் பார்க்கலாம். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போகும் பெற்றோருடன் மாதக்கணக்கில் போய்வரும் பிள்ளைக்குப் பயிற்சிதான் குறைவு, புத்தி இல்லை. அவருக்கு ஆழ வேலையும் பயிற்சியும் சேர்த்தே கொடுங்கள்.

மூன்றாம் படி: பயிற்சியைக் குறை, கருத்தைக் குறைக்காதே

பயிற்சிநூலில் பன்னிரண்டு கணக்கு இருந்தால் கடைசி மூன்றை முதலில் போடச் சொல்லுங்கள். மூன்றும் சரி, ஒன்றை வாயால் விளக்கவும் முடிந்தது என்றால் மீதி ஒன்பது வேண்டாம். ஒன்று தவறினாலும் முதலிலிருந்து தொடரட்டும். அது தண்டனை அல்ல, எல்லோருக்கும் ஒரே விதி என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மேற்பார்வைக்கு வருபவர் பயிற்சிநூலில் வெற்றிடம் பார்த்தால் கேட்பார் என்ற பயம் நியாயமானது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் "க-3 சரி, ஆழ அட்டை 2" (கடைசி மூன்றும் சரி, பிறகு ஆழ வேலைக்கான அட்டைகளில் இரண்டாவது) என்று சிவப்பு மையில் எழுதி நாளிட்டால் போதும். அந்த அட்டைகளைச் செய்வது ஐந்தாம் படியில் வரும்.

குறைக்கக் கூடாதது பொருளைத் தொட்டுச் செய்யும் பகுதி. வேகமான குழந்தை "எனக்குக் குச்சி வேண்டாம்" என்று தள்ளிவிடும். அப்போது கட்டாயப்படுத்தாமல் கேள்வியை மாற்றுங்கள். பத்துப் பத்தாகப் புளியங்கொட்டை போட்ட ஆறு தீப்பெட்டி, மேலும் மூன்று உதிரி. "63ஐப் பெட்டியும் உதிரியுமாக எத்தனை விதமாக வைக்கலாம்?" ஆறு பெட்டி மூன்று உதிரி, ஐந்து பெட்டி பதின்மூன்று உதிரி என்று போய், பெட்டியே இல்லாமல் 63 உதிரி வரை ஏழு விதம். இனமாற்றம் என்பது இதில் இரண்டாவது விதம் மட்டுமே என்று அதற்கே தெரியும். இதை ஒருமுறை கண்டுகொண்ட குழந்தை 402 − 165இல் நடுவில் வரும் பூச்சியத்தைப் பார்த்துப் பயப்படாது.

நான்காம் படி: ஒரே கணக்கை எப்படித் தோண்டுவது

இந்தப் படியில்தான் ஆசிரியரின் உழைப்பு அதிகம். அதே கழித்தலையே எடுத்துக்கொள்வோம்.

விடை 38 வருமாறு இரண்டிலக்க எண் ஜோடிகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். குழந்தை மனம்போன போக்கில் எழுதத் தொடங்கும். பத்து நிமிடம் கழித்துப் போய் உட்காருங்கள்.

"எத்தனை ஜோடி கண்டுபுடிச்ச?"

"பதினேழு டீச்சர்."

"இன்னும் இருக்கா, தீர்ந்துருச்சா?"

"தெரியல டீச்சர்."

"தீர்ந்துருச்சுன்னு என்னை எப்படி நம்ப வைப்ப?"

இந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் இந்த வேலையே. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் குழந்தை வரிசைப்படுத்தியாக வேண்டும்: 48 − 10, 49 − 11, 50 − 12 என்று தொடங்கி 99 − 61 வரை. மொத்தம் 52. பலர் 61இல் 10 போக 51 என்று எழுதுவார்கள். தவறு என்று சொல்லாமல் "1 முதல் 3 வரை எத்தனை எண்? மூன்றில் ஒன்று போனால் எத்தனை?" என்று கேளுங்கள். இரண்டு முனைகளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பதை அதுவே பிடிக்கும். அடுத்த கேள்வி: இந்த 52இல் கடன் வாங்காமலே போடக்கூடியவை எத்தனை? கழிக்கப்படும் எண் 0இலோ 1இலோ முடிந்தால் மட்டும்தான் முடியும். அப்படி 12 ஜோடி. மீதி 40க்கும் கடன் வாங்க வேண்டும். ஏன் 0, 1 மட்டும் என்று விளக்கச் சொன்னால் ஒரு பாடவேளை போய்விடும். போகட்டும்.

இன்னொரு அட்டை: ஓர் இரண்டிலக்க எண்ணைத் திருப்பிப் போட்டுக் கழி. 72 − 27 = 45. 63 − 36 = 27. விடைகளில் என்ன தெரிகிறது? எல்லாம் ஒன்பதாம் வாய்ப்பாட்டில் வரும். இலக்கங்களின் வித்தியாசத்தை ஒன்பதால் பெருக்கினால் அதே விடை. 72இல் வித்தியாசம் 5, ஐந்தொன்பது 45.

நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த காப்ரேகர் கண்ட விளையாட்டு. மூன்றும் ஒன்றாக இல்லாத ஒரு மூன்றிலக்க எண்ணை எடு. இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறு வரிசையைக் கழி. வரும் விடையோடு அதையே மறுபடி செய். 352 எடுத்தால்: 532 − 235 = 297, 972 − 279 = 693, 963 − 369 = 594, 954 − 459 = 495. அதற்கு மேல் 495 மாறாது. எந்த எண்ணில் தொடங்கினாலும் ஆறு படிக்குள் அங்கேதான் வந்து நிற்கும். நாற்பது கழித்தல் கணக்கை முகம் சுளிக்காமல் போடவைக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஒரே இடத்தில் மட்டும் இடறும்: 211 எடுத்தால் 211 − 112 = 99 வரும். குழந்தை அதை இரண்டிலக்கமாகக் கொண்டு 99 − 99 = 0 என்று போட்டு, "டீச்சர், இது பொய்" என்று வரும். 099 என்று எழுதச் சொல்லுங்கள். அடுத்தது 990 − 099 = 891, பாதை சரியாகிவிடும். இதற்கும் மேல் கேட்கும் குழந்தையிடம், முதல் கழித்தலுக்குப் பிறகு நடு இலக்கம் எப்போதும் 9 ஆக இருப்பதைக் காட்டி "ஏன்?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். நான்கிலக்கத்தில் 6174 வரும். அதைச் சொல்லாதீர்கள், அது கண்டுபிடிக்கட்டும்.

வெளியே இருந்தும் கணக்கு எடுக்கலாம். வீட்டில் தக்காளி போடுகிறவர்கள் என்றால், ஒரு பெட்டி எத்தனை கிலோ, இன்று ராயக்கோட்டைச் சந்தையில் பெட்டி என்ன விலை என்று குழந்தையே கேட்டு வரட்டும். பெட்டி விலையும் கடையில் விற்கும் கிலோ விலையும் எவ்வளவு விலகுகின்றன? கிருஷ்ணகிரி அணையின் முழு நீர்மட்டம் 52 அடி. செய்தித்தாளில் வரும் நீர்மட்டத்தைப் பத்து நாள் குறித்து வரைபடம் போட்டால், மழை பெய்த அன்றே ஏன் மட்டம் ஏறவில்லை என்ற கேள்வி தானாக வரும்.

தமிழ்ப் பாடத்தில்

வாசிப்பில் முந்தும் குழந்தையிடம் தடித்த புத்தகத்தைத் திணிப்பது வழக்கம். வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாக இருக்கின்றன. நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு ஊஞ்சல் இதழ் வருகிறது. "பற" நூலை எட்டிய குழந்தையிடம் "இன்னும் நிறைய எழுது" என்று கேட்காதீர்கள், குறைவாக எழுதச் சொல்லுங்கள். படித்த கதையை நாற்பது சொல்லில் சொல். பிறகு இருபதில். எது போனாலும் கதை நிற்கிறது, எது போனால் விழுகிறது? ஒவ்வொரு சொல்லையும் எடை போட வேண்டிய வேலை இது.

தகடூரை ஆண்ட அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையை எல்லாக் குழந்தையும் அறியும். அதையே அந்தக் கனியைப் பறிக்கக் கூடப் போன வீரன் சொன்னால் எப்படி இருக்கும் என்று எழுதச் சொல்லுங்கள். வீரனுக்கு எது தெரியும், எது தெரியாது என்று பிரிப்பதற்குள் கதையை நான்கு முறை படித்துவிடும்.

விடுகதை செய்வது இன்னொரு நல்ல வேலை. பொருள்: கேழ்வரகுக் களி, புளியம்பழம், நடுகல். விதி மூன்று. பொருளின் பெயர் வரக்கூடாது, இரண்டு வரிக்கு மேல் போகக்கூடாது, வேறு எந்தப் பொருளுக்கும் பொருந்தக்கூடாது. மூன்றாவது விதியில்தான் உழைப்பு. வகுப்பில் போட்டுப் பார்த்து, வேறு விடையும் பொருந்தினால் திருத்தி எழுத வேண்டும்.

கன்னடம் பேசும் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் மொழி ஒரு புதையல். புலி ஹுலி, பால் ஹாலு, பல் ஹல்லு, பூ ஹூவு. நான்கைக் கொடுத்துவிட்டு "என்ன நடக்குது?" என்று கேளுங்கள். சொல்லின் முதலில் வரும் பகரம் ஹகரமாகிறது என்று பிடித்ததும், "அப்படின்னா பள்ளி?" என்று கேளுங்கள். ஹள்ளி என்று சொல்லிவிட்டு, மாரண்டஹள்ளியைத் தானே நினைவுகூரும். பிறகு சுற்றுவட்டார ஊர்ப்பெயர்களில் பட்டி, பள்ளி, அள்ளி, கிரி என்று முடிபவற்றைத் தொகுத்து அட்டவணை போடட்டும். தெலுங்கு வீட்டுப் பிள்ளை புலி, பாலு என்று தன் சொற்களைக் கொண்டுவந்து, தங்கள் மொழியில் பகரம் அப்படியே நிற்பதைச் சொல்லும். தமிழ் வாசிப்பில் பின்னால் இருந்த அதே குழந்தை அன்று வகுப்புக்கு ஆதாரமாகிவிடும்.

ஐந்தாம் படி: வகுப்பில் இதற்கு இடம் எங்கே?

ஒரு சார்ட் தாளை எட்டாக வெட்டினால் எட்டு அட்டை. அலகுக்கு ஆறு அட்டை போதும், இரண்டு உபரி. முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் மடித்து ஒட்டிய மூன்று குறிப்புகள், ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும்படி. முதல் குறிப்பு "சிறிய எண்ணில் செய்து பார்" என்பது போல எங்கும் பொருந்துவதாக இருக்கட்டும். விடை அட்டையில் வேண்டாம். மூன்று குறிப்பும் பார்த்த பிறகே ஆசிரியரிடம் வரலாம் என்ற விதி இல்லாவிட்டால் உங்களால் மற்றக் குழுக்களைப் பார்க்கவே முடியாது.

அட்டையில் நிறப்புள்ளி வைப்பதானால் அலகுக்கு ஒரு நிறம் வையுங்கள், தரத்துக்கு வைக்காதீர்கள். பெட்டி வகுப்பின் நடுவில், யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி இருக்க வேண்டும். "மலர் பசங்களோட பெட்டி" என்று பெயர் விழுந்த அன்றே பாதி வகுப்பு அதைத் தொடாது. நீங்கள் எதிர்பார்க்காத ஒருவர் ஆழ அட்டையை எடுத்து அசத்துவது எல்லா ஆண்டும் நடக்கும்.

நாற்பது நிமிடப் பாடவேளையில் முதல் பதினைந்து எல்லோரும் சேர்ந்து. அடுத்த இருபதில் குழுவேலை. ஆழ அட்டைக்காரரிடம் நீங்கள் செலவிட வேண்டியது நான்கைந்து நிமிடம்தான், ஆனால் அது தினமும் வேண்டும். தானே படித்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டால் இரண்டு வாரத்தில் அட்டை வேடிக்கையாகிவிடும். கடைசி ஐந்து நிமிடம், கண்டதை வகுப்புக்குச் சொல்லும் நேரம்.

எங்கே கெடுகிறது

குட்டி ஆசிரியர் வேலை. வாரத்தில் ஒருமுறை விளக்கிச் சொல்வது நல்லது, விளக்கும்போது தெளிவு வரும். தினமும் என்றால் அந்தக் குழந்தை தன் படிப்பை விட்டுவிட்டு நம் வேலையைச் செய்கிறது. கேட்கும் குழந்தைக்கும் நன்மையில்லை. எட்டு வயதுப் பிள்ளை சொல்லித்தருவதில்லை, விடையைக் காட்டிவிடுகிறது.

கூடுதல் கணக்கு. சீக்கிரம் முடித்தால் இன்னும் பத்து என்றால், சூட்டிகையான குழந்தை மெதுவாக முடிக்கக் கற்றுக்கொள்ளும். நாளடைவில் மெதுவே வழக்கமாகும்.

"நீ கெட்டிக்காரி" என்ற பாராட்டு. அதைக் கேட்டே வளர்ந்த குழந்தை முதல் கடினமான அட்டையில் அழும், அல்லது வயிற்றுவலி என்று வீட்டுக்குப் போகும். "மூணு வழி போட்டுப் பார்த்தியே, ரெண்டாவதை ஏன் விட்ட?" என்று செய்ததைச் சுட்டிப் பேசுங்கள். முதல் வாரத்திலேயே தோற்க வாய்ப்புள்ள ஓர் அட்டை கொடுத்து, தோற்பதும் வேலையின் பகுதி என்று பழக்கிவிடுவது நல்லது.

பெற்றோரிடம் பேசும்போது

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எல்லோர் முன்னும் ஒரு குழந்தையைத் தூக்கிப் பேசாதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, "பாப்பா நல்லா யோசிக்கறா அக்கா. வீட்டுல ஒரு உதவி வேணும்" என்று தொடங்குங்கள். சைனிக் பள்ளிப் பயிற்சிக்கு அனுப்பட்டுமா, ஆங்கில வழிக்கு மாற்றட்டுமா என்று கேட்பார்கள். ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வுக்கு நான்காம் வகுப்பிலிருந்தே மனப்பாடம் ஏற்றத் தேவையில்லை என்று பொறுமையாகச் சொல்லுங்கள். கேட்க வேண்டியவை மூன்றே: கடைக் கணக்கையும் கூலிக் கணக்கையும் குழந்தை எதிரில் வாய்விட்டுப் போடுங்கள், இன்று பள்ளியில் என்ன கேள்வி கேட்டாய் என்று கேளுங்கள், எந்த மொழியில் வேண்டுமானாலும் கதை சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத வீட்டிலும் இவை நடக்கும்.

எப்போது மேலே ஏற்றுவது, எதை எழுதிக் கொடுப்பது

தொடர்ந்து மூன்று அலகில் முன்சோதனையின் ஐந்தும் சரி, ஆழ அட்டைகளில் குறைந்தது நான்கு விளக்கத்தோடு முடிந்திருக்கின்றன என்றால், அந்தப் பாடப்பகுதியில் மட்டும் அடுத்த வகுப்பு வேலையைத் தொடலாம். எண்களில் முந்துகிற குழந்தை அளவைகளில் முந்தும் என்று கட்டாயமில்லை. அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் முன்பே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் வரும் ஆண்டு அதே பாடத்தில் அந்தக் குழந்தை மறுபடி கையைக் கட்டி உட்காரும்.

ஐந்தாம் வகுப்பு முடித்து நடுநிலைப் பள்ளிக்கோ உயர்நிலைப் பள்ளிக்கோ போகும்போது மாற்றுச் சான்றிதழோடு அரைப் பக்கக் குறிப்பு ஒன்று தலைமையாசிரியர் வழியாகப் போகட்டும். "மிகவும் புத்திசாலி" என்ற வரியால் அங்கே யாருக்கும் பயனில்லை. இப்படி எழுதுங்கள்: "கழித்தலிலும் எண் வடிவங்களிலும் காரணம் சொல்வாள். வரிசைப்படுத்திச் சரிபார்க்கத் தெரியும். பின்னம் வகுப்பு அளவே. எழுத்து மெதுவாக வரும், வாய்மொழியாகக் கேட்கவும். வீட்டு மொழி தெலுங்கு. தவறினால் முதலில் கோபம் வரும், ஐந்து நிமிடம் விட்டுவிட்டால் திரும்ப வருவாள்." கூடவே அவள் பாதியில் நிறுத்திய அட்டையையும் ஒட்டிக் கொடுங்கள்.